நீலப் பை எங்கள் வீட்டுக்கு வரும் வாரம்

கிளப்பின் கதையைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று டச்சுக்காரர் சொல்லிவிட்டார். ஆளுக்குக் கொஞ்சம், அவரவர் பாஷையில். சூடானி அரபியில் கொடுத்தாயிற்று. பிலிப்பினோ பையன் எழுதச் சோம்பேறித்தனப்பட்டு போட்டோவாகக் கொடுத்துவிட்டான். "ஆச்சியும் சொல்ல வேண்டும்" என்று ஆள் அனுப்பியிருக்கிறார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் லேப்டாப்பில் தட்டுகிறாள். நான் "வாரேன்" என்றால் அவள் "வருகிறேன்" என்று தட்டுகிறாளாம். படிப்பவர்களுக்கு அதுதான் மரியாதை என்கிறாள். அவள் இங்கே துபாயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சொன்னால் கேட்க மாட்டாள்.

கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஆபீஸ் போகிறவர்களும் கடை வைத்திருக்கிறவர்களும் வாரத்துக்கு ஒரு தடவை கூடி ஃபுட்பால் ஆடுகிற கிளப். தோற்பதுதான் அதிகம். பேர் டச்சுப் பேர், எனக்கு வாயில் நுழையாது. சட்டை ஆரஞ்சு கலர், கோல் காக்கிற கோலி மட்டும் பச்சை. என் மகன் கோலி. அதாவது பச்சை.

கிளப்பை ஆரம்பித்தவர்கள் கடலில் மண்ணைக் கொட்டித் தீவு செய்த கம்பெனிக்காரர்கள். கப்பலில் ஒரு பெரிய குழாய் இருக்குமாம். கடலுக்கு அடியில் இருக்கிற மணலை உறிஞ்சிக் கொண்டுவந்து துப்புமாம். நானும் மகனிடம் பல தடவை கேட்டிருக்கிறேன், "கரையிலேயே இவ்வளவு மணல் கெடக்கே, எதுக்குல கடலுக்குள்ள போயி எடுக்காங்க?" என்று. இந்தப் பாலைவன மணல் வழுவழுவென்று இருக்கும், ஒன்றோடொன்று பிடிக்காது என்றான். அந்தக் கப்பலில் வந்த டச்சுக்காரர்கள், லீவு நாளில் பொழுது போகாமல், அல் கூஸில் குடோன்களுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கல்லை வைத்து கோல் அடித்து ஆடினார்கள். அதுதான் ஆரம்பம். அதில் மிச்சம் இருப்பவர், புத்தகம் போடச் சொன்ன இவர் ஒருத்தர்தான். அதனால் டச்சுக்காரர் என்றால் இவர்தான், வேறு ஆளைத் தேட வேண்டாம்.

இவருடைய ஊர் மாடு மேய்கிற ஊராம். மைதானத்தைச் சுற்றி வாய்க்கால். பந்து தண்ணீரில் விழுந்தால் எடுக்க, நீளமான கம்பின் நுனியில் வலை கட்டி வைத்திருப்பார்களாம். அந்தக் கம்பை இங்கேயும் செய்துவைத்தார். அல் கூஸில் வாய்க்காலுக்கு எங்கே போவது? பந்து லாரிக்கு அடியில் உருண்டு போகும். கம்பை விட்டு இழுப்பார்கள். பந்தோடு பூனை வந்ததும் உண்டு.

அந்த ஊர் கிளப்பிலிருந்து இவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று உண்டு. வேலைக்கென்று ஆள் வைக்கக் கூடாது. கோடு போடுவது, வலை கட்டுவது, டீ கொண்டுவருவது, சட்டை துவைப்பது எல்லாம் முறை வைத்து அவரவரே செய்ய வேண்டும். மேனேஜர் என்றாலும் சரிதான். ஆடி முடித்ததும் எல்லாருடைய சட்டையும் ஒரு பெரிய நீலப் பையில் போகும். பாய்மரத் துணியில் தைத்த பை. அது இந்த வாரம் ஒரு வீட்டுக்கு, அடுத்த வாரம் அடுத்த வீட்டுக்கு.

நம் ஆட்களுக்கு இது வேடிக்கையாக இருந்தது. துபாயில் தெருவுக்குத் தெரு லாண்டிரி. முறை முதலில் வந்தபோது என் மகன் அவரிடம் சொல்லிப் பார்த்தான். "கிளப்பில் லாண்டிரி மாஃபி" என்று அவர் கையை விரித்துவிட்டார். அரபியில் அவருக்குத் தெரிந்தது அந்த மாஃபியும் ஒரு கலாஸும்தான். மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டார்.

நான் அப்போதுதான் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் போன பிறகு மகன் விசா எடுத்துக் கூட்டிவந்தான். பகல் முழுக்க ஃபிளாட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். அந்த நேரத்தில் பை வந்தது. ஆண்பிள்ளைகள் போட்டு விளையாடுகிற சட்டை, வெள்ளைக்காரர் வேறு போடுகிறார், மரியாதையாக இருக்கட்டும் என்று நன்றாகத் துவைத்து, வடிகஞ்சி எடுத்து, எல்லாவற்றுக்கும் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி அனுப்பிவிட்டேன்.

ஆட்டம் முடிந்து மகன் கோபமாக வந்தான்.

"ஏம்மா, சட்டைக்குக் கஞ்சியா போட்ட?"

"ஆமா. நல்லா இருந்துச்சா?"

"வேர்வ பட்டதும் பிசுபிசுங்குது. காலரு மட்டும் அட்டையா நிக்கி. ஒருத்தனாலயும் கழுத்தத் திருப்ப முடியல."

"அதுக்கென்னல, நேராப் பாத்து ஆடுங்க."

அன்றைக்கு ஜெயித்துவிட்டார்கள். என் கஞ்சியால்தான் என்று இன்றைக்கும் சொல்லுவேன். சட்டை பாலியஸ்டர், கஞ்சி ஏறவில்லை. காலர் பருத்தி, ஏறிக்கொண்டது. டச்சுக்காரர் தன் சட்டைக் காலருக்கு மட்டும் கஞ்சி வேண்டும் என்று சொல்லியனுப்பினார். இன்றுவரைக்கும் அவருக்கு உண்டு.

எங்கள் முறை வரும் வாரம் வீடு வேறு மாதிரி இருக்கும். பால்கனியில் துணி காயப்போட்டால் இங்கே ஃபைன். அதனால் ஹாலில் குறுக்கே கயிறு கட்டி, பச்சை முதலில், பிறகு ஆரஞ்சு எல்லாம் வரிசையாகத் தொங்கும். மருமகள் குனிந்து கிச்சனுக்குப் போவாள். மகன் குனிய மாட்டான். சட்டைக் கைகளெல்லாம் மூஞ்சியில் உரச நடுவில் நடந்துவருவான். "ஈரத்துணில மூஞ்சிய வைக்காதல" என்பேன். கேட்க மாட்டான்.

ஆட்டம் முடிந்தால் உடனே வீட்டுக்குக் கிளம்பக் கூடாது என்பதும் சட்டம். வட்டமாக உட்கார்ந்து எதையாவது தின்றுவிட்டுத்தான் போக வேண்டும். டச்சுக்காரர் ஊரில் அதற்கென்று ஒரு பலகாரம், கறி உருண்டையை எண்ணெயில் பொரித்ததாம். மகன் அதை விவரிக்க விவரிக்க, இதென்ன நம்ம கோலா உருண்டைதானே என்று செய்து கொடுத்தனுப்பினேன். ஒன்றை வாயில் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டாராம். "செத்துட்டார்னு பயந்துட்டோம்மா" என்றான் மகன். மூடிய கண்ணோடு இன்னொன்றுக்குக் கை நீட்டியிருக்கிறார்.

எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கட்டின சர்ச் ஒன்று உண்டு, அந்தக் காலத்தில் அவர்கள்தான் அங்கே ராஜ்யம் என்று மகன் அவரிடம் சொல்லியிருக்கிறான். அடுத்த தடவை என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்கு எதுவும் விளங்கவில்லை. பரவாயில்ல போங்க என்றேன்.

பிறகு தீவு வேலை குறைந்தது. டச்சுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். போகிறவர் சட்டையைத் துவைத்துப் பையில் போட்டுவிட்டுப் போவார். அதைப் புதிதாக வருகிற ஒருத்தர் எடுத்துப் போட்டுக்கொள்வார். இப்படியே மலையாளி வந்தார், சூடானி வந்தார், தேராவில் சென்ட் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்துத் தம்பி வந்து கேப்டனாகவே ஆகிவிட்டார். அல் கூஸ் இடத்தில் கட்டடம் எழும்பியது. அல் குசைஸில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, பிளாஸ்டிக் புல் போட்ட மைதானம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை லீவு சனி ஞாயிறாக மாறியபோது ஆட்டமும் சனிக்கிழமைக்கு மாறியது. பிளாஸ்டிக் புல்லில் கறுப்பு ரப்பர்ப் பொடி தூவியிருக்கிறார்கள். அது சட்டையோடு வந்து வாஷிங் மெஷின் ஃபில்டரை அடைத்துவிடும். முன்னே மணல், இப்போது ரப்பர். கிளப்பின் சரித்திரம் எனக்குத் தெரிந்து அவ்வளவுதான்.

இனி மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவன் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். மைதானத்தில் இல்லை. டீ கொண்டுபோன ஆள்தான் பார்த்திருக்கிறான். ஹார்ட் என்றார்கள். எனக்கு போன் வந்தபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மிச்சக் கீரையையும் ஆய்ந்தேன். பிறகு ஊருக்கு, ஒரே பிளேனில், அவன் கீழே, நாங்கள் மேலே. சாப்பாடு கொடுத்தார்கள், சாப்பிட்டேன். ஊரில் எல்லாரும் "அழுதிரு, அழுதிரு" என்றார்கள். அழுகை வரவில்லை. ஃபில்டரைச் சுத்தம் பண்ணாமல் வந்துவிட்டோமே, ஈரத்தில் நாற்றம் எடுக்குமே என்று அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

(மருமகள் இந்த இடத்தில் எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சீனி போடவில்லை. குடித்தோம்.)

காரியம் எல்லாம் முடிந்ததும் மருமகள் துபாய்க்குத் திரும்ப வேண்டும். அவள் வேலை அங்கே, பேத்திக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. நான் என்ன செய்வது என்று பேச்சு வந்தது. என் தங்கச்சி நேராகவே கேட்டாள்.

"மகனே இல்ல. மருமக வீட்டுல போயி நீ என்ன பண்ணப் போற?"

"எனக்கு அங்க வேல இருக்கு."

"என்ன வேல?"

"எங்க வீட்டு முறை வரும். சட்ட துவைக்கணும்."

தங்கச்சி என் மூஞ்சியையே பார்த்தாள். பிறகு அவள் வீட்டுக்காரரிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னாள். புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். நான் தெளிவாகத்தான் இருந்தேன். சொல்லிக்கொள்ள எனக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

என் பழைய விசா மகனோடு போயிற்று. விசிட் விசா எடுத்து மருமகள் கூட்டிவந்தாள். வந்த அன்றைக்கே ஃபில்டரைக் கழற்றிக் கழுவினேன். சோப்புத்தூள் வாங்கி வைத்தேன். எதிர் பில்டிங் மலையாளிக்கு அப்புறம் எங்கள் முறை. அவர் நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போவது ஜன்னலில் தெரிந்தது. அடுத்த சனிக்கிழமை கயிறு கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். காலிங் பெல் அடித்தது. தண்ணீர் கேன்.

பை வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. ஒரு சுற்று முடிந்து மறுபடி மலையாளி வீட்டுக்குப் போயிற்று, மறுபடி எங்களைத் தாண்டிப் போயிற்று.

"பை வரலியே?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"நம்மளச் சிரமப்படுத்த வேணாம்னு நெனச்சிருப்பாங்க அத்தை."

"துவைக்கது ஒரு சிரமமா?"

அவள் பேத்தியின் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "எனக்கே சிரமமாத்தான் இருக்கும் அத்தை. ஹால்ல அந்தச் சட்டைங்க தொங்குனா நான் எப்படிப் போவேன் வருவேன்?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. சரி என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சோப்புத்தூளில் எங்கள் துணியைத் துவைத்தேன். மூன்று பொம்பளைகள் துணி. மெஷினில் பாதி கூட நிறையாது.

பிறகு சாப்பிடுவேன், டீவி ஓடும், எதிரில் இருப்பேன். ஏசி சத்தம் நின்றால்தான் இதுவரை ஓடியது என்று தெரியும். துக்கம் என்று சொல்ல மாட்டேன். பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் நம்முடையது மாதிரியே இருக்காதே, அது மாதிரி.

விசா முடியப்போகிற நேரத்தில் தங்கச்சி போன் பண்ணினாள். போனை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சரியாக வராது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"என்னக்கா, சட்டையெல்லாம் துவைச்சு முடிச்சிட்டியா?"

"இன்னும் வரல."

"வராதுக்கா. அவன் இருந்தான், வந்துச்சு. இனி யாரு உனக்குக் கொண்டாந்து தருவா? பேசாம டிக்கெட்டப் போட்டு வந்து சேரு. விசாவ நீட்டிக்கிட்டு அந்தப் பிள்ளைக்கும் பாரமா இருக்காத."

சரி, பார்ப்போம் என்று வைத்துவிட்டேன். மருமகள் பின்னால் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவை மூடிவிட்டுச் சொன்னாள்.

"சனிக்கிழமை காலைல கெளம்புங்க அத்தை. கிரவுண்டுக்குப் போவோம்."

"ஒனக்குத்தான் சிரமம்னியே."

"சிரமம்தான். கெளம்புங்க."

கோலா உருண்டை செய்தேன். வெறுங்கையோடு போய் எப்படிக் கேட்பது? நாங்கள் போனபோது ஆட்டம் முடிகிற நேரம். கோலில் பச்சைச் சட்டை நின்றது. எகிப்துக்காரப் பையன், நல்ல உயரம். நான் அங்கே அதிகம் பார்க்கவில்லை, பையைத் தேடினேன். அது கேப்டன் காருக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் வந்தார்கள். எங்களைக் கண்டதும் ஒருத்தர் சேர் கொண்டுவந்தார், ஒருத்தர் தண்ணீர். துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றார்கள். கேப்டன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வெயில்ல எதுக்கு ஆச்சி வந்திய? சொல்லியிருந்தா நாங்க வந்திருப்போம்ல?"

"நீங்க எங்க வந்திய? பையவே அனுப்பல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "துக்க வீட்டுக்கு அழுக்குத் துணிய எப்படி ஆச்சி அனுப்புறது? எங்களுக்கு மனசு வரல. பெரியவரும் வேணாம்னுட்டாரு."

பெரியவர் என்றது டச்சுக்காரரை. அவரைப் பார்த்தேன். காலர் துவண்டு கிடந்தது. யாரும் கஞ்சி போட்டிருக்க மாட்டார்கள். அவர் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார், நிறையச் சொன்னார். மருமகள் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னாள்.

"தமிழ்ப் பசங்ககிட்ட நம்ம வழக்கத்த விசாரிச்சாராம் அத்தை. ஒரு வருஷத்துக்கு வீட்டுல விசேஷம் எதுவும் வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களாம். அதான் நம்ம வீட்ட ஒரு வருஷத்துக்கு எல்லாத்துலருந்தும் எடுத்துட்டாராம். நம்ம வழக்கத்த மீறிடக் கூடாதுன்னு."

"விசேஷத்துக்கும் இதுக்கும் என்ன?"

"கிளப்பு விசேஷம்தானேங்கிறாரு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அழுக்குச் சட்ட துவைக்கது என்ன தீபாவளியா? கேளு அவர்ட்ட. ஊர்ப்பட்ட ஆம்பளைக வேர்வையக் கசக்குதேன், இதுல எங்க இருக்கு விசேஷம்? மத்தாப்பா கொளுத்துதோம்?"

கேப்டன் சிரித்துவிட்டு, சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். மருமகள் இங்கிலீஷில் சொன்னாள். எவ்வளவு சொன்னாளோ தெரியாது, மத்தாப்பு மாதிரி கையைக் காட்டியதைப் பார்த்தேன். டச்சுக்காரர் மூஞ்சி சிவந்துபோயிற்று. சிரிக்கவில்லை. இத்தனை வருஷமும் தனக்கு இது விசேஷம்தான் என்று மருமகளிடம் சொன்னாராம். அவருக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

பிறகு "கலாஸ்" என்றார். பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் காரை நோக்கி நடந்தார்.

"இந்த வாரம் எங்க வீட்டு முறையாச்சே ஆச்சி," என்றார் கேப்டன்.

"அப்ப ஒங்க வீட்டம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"அவட்டயா? எங்க முறைய மொத்தமா எழுதிக் குடுத்துருவா!"

உருண்டையைச் சுற்றிக் கொடுத்தோம். டச்சுக்காரர் கண்ணை மூடினார். நானும் ஒன்று தின்றேன். உப்புச் சரியாக இருந்தது என்பது தின்னும்போதே தெரிந்தது. எத்தனையோ நாளாக எதைத் தின்றாலும் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே தின்றுகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். பச்சைச் சட்டை கடைசியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். இடது பக்கம் முழுக்க ரப்பர்க் கறுப்பு. முழங்கையில் ஒரு கிழிசல். என் மகன் எப்போதும் வலது பக்கம்தான் விழுவான், முழங்கையை ஊன்ற மாட்டான். இது வேறு ஆள். கறுப்பு போக இரண்டு தடவை அலசினேன். கிழிசலைத் தைத்தேன், பச்சை நூல் வீட்டில் இருந்தது. டச்சுக்காரர் காலருக்குக் கஞ்சி வைத்தேன்.

கயிறு கட்ட ஸ்டூலில் ஏறப்போனேன், மருமகள் இறங்கச் சொல்லிவிட்டு அவளே கட்டினாள். பச்சை முதலில், பிறகு ஆரஞ்சு. சாயங்காலம் பேத்தி டியூஷன் முடிந்து வந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, குனியாமல், சட்டைக்குள் நடந்து உள்ளே போனாள்.

"ஈரத்துணில மூஞ்சிய வைக்காதட்டி," என்றேன்.

அடுத்த வாரம் பை கேப்டன் வீட்டுக்குப் போயிற்று. தங்கச்சிக்கு போன் போட்டு, மருமகள் விசாவை நீட்டிவிட்டாள், டிக்கெட் போட வேண்டாம், எங்கள் முறை மலையாளிக்கு அப்புறம் வரும் என்று சொன்னேன்.